கண்டோன்மென்டில் இரண்டு நிமிடம்

பெங்களூருக்கு ஊர் சுற்றிப் பார்க்க நான் ஒருமுறைகூடப் போனதில்லை. ஆரணியில் வெயில் மண்டையைப் பிளக்கும் மே மாதத்தில், "பத்து நாள் சந்திரா வீட்டில் போய் இருந்துவிட்டு வாங்களேன்" என்று என் மனைவி சொல்வாள். வெயிலே தேவலை என்பேன். சந்திரா என் தங்கை. கல்யாணமாகி அல்சூருக்குப் போய் முப்பத்தைந்து வருடம் ஆகிறது. கணவர் காலமான பிறகு ஒரே மகள் ரேவதியோடு அங்கேயே இருக்கிறாள். இந்த முறை நான் கிளம்பியதற்குக் காரணம், ரேவதியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பது. தாய்மாமன் இல்லாமல் அந்தக் காரியம் நடக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தாய்மாமன் இருந்தால் நடக்காது என்பது சந்திராவின் அனுபவம்.

நான் முத்திரை ஆய்வாளராக முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கடைகளில் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், குறைந்தால் தூக்கிக்கொண்டு வருவதும் என் வேலை. சொந்தச் சித்தப்பாவின் மளிகைக்கடைத் தராசையே தூக்கிக்கொண்டு வந்தவன் என்று ஆரணி பஜாரில் இன்னும் பேசுகிறார்கள். அந்தப் பழக்கம் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ரேவதிக்கு மூன்றாவதாக வந்த வரனில் பையனின் அப்பா, "பொண்ணுக்கு இருபத்தெட்டுதானே?" என்று கேட்டார். "முப்பது முடிந்து நாலு மாதம்" என்று திருத்தினேன். ஐந்தாவது வரனில், "ஐந்தடி மூன்று அங்குலம்னு தரகர் சொன்னார்" என்றார்கள். "ஐந்தடி ஒன்றேகால்" என்றேன். அந்த இரண்டு இடமும் அதோடு போயிற்று. வந்த ஏழில் மீதி ஐந்தை ரேவதியே தள்ளுபடி செய்தாள். அவள் ஒரு மென்பொருள் கம்பெனியில், மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கிறாள்.

ஏழாவது வரன் வந்து போன அன்று ரேவதி ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். இனிமேல் பட்டுப்புடவை கட்டி, தட்டில் பஜ்ஜி ஏந்தி, பத்துப் பேருக்கு முன்னால் உட்கார மாட்டாளாம். அப்போதுதான் இந்த எட்டாவது இடம் வந்தது. பையன் பெயர் முரளி, அம்பத்தூர். அவன் அம்மா தனலட்சுமி அம்மாளுக்கு மைசூரில் சாமுண்டி மலையில் ஒரு வேண்டுதல். ஞாயிற்றுக்கிழமை பகல் வண்டியில் அம்மாவும் பிள்ளையும் மைசூர் போகிறார்கள், வண்டி பெங்களூர் கண்டோன்மென்டில் இரண்டு நிமிடம் நிற்கும். "ரெண்டு நிமிஷம்னா நான் ஓகே மாமா" என்று ரேவதி என்னிடம் போனில் சொன்னாள். "பிடிக்கலைன்னாலும் வண்டி கிளம்பிடும். யாரும் யாரையும் கிளப்ப வேணாம்."

அடுத்த ஸ்டேஷனான மெஜஸ்டிக்கில் அதே வண்டி பத்து நிமிடம் நிற்குமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடுகிறது. வண்டி கண்டோன்மென்டுக்கு வருவது நாலே கால். மெஜஸ்டிக் போய்ச் சேர்வதற்குள் நாலரை தாண்டிவிடும். தனலட்சுமி அம்மாள் ராகுகாலத்தில் பால் பாக்கெட்கூட வாங்க மாட்டாராம். ஆகவே கண்டோன்மென்ட்தான், இரண்டே நிமிடம்தான் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை நானும் கண்டோன்மென்டில்தான் இறங்கினேன். ஊரிலேயே மூத்த ஸ்டேஷன் இது. ஜோலார்பேட்டையிலிருந்து தண்டவாளம் போட்டு, முதல் ரயில் மூச்சு வாங்க மேடேறி வந்து நின்ற இடம் இதுதான். மெஜஸ்டிக் பக்கத்து ஸ்டேஷன் பிறகு வந்த தம்பி. வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தப் பக்கம் கூடாரம் அடித்திருந்ததால் ரயிலும் இந்தப் பக்கம் வந்தது. கன்னடத்தில் இதன் பெயர் தண்டு, அதாவது படை. பட்டாளத்துக்குச் சமைக்க, துவைக்க, கல் உடைக்க, தோட்டம் போட என்று நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியதும் இங்கேதான். அந்தக் காலத்தில் ரயில்கள் சென்னை நேரப்படி ஓடினவாம், ஊர்க் கடிகாரம் ஊர் நேரப்படி ஓடியதாம். நான் அப்போது வேலையில் இருந்திருந்தால் இரண்டில் ஒன்றைப் பறிமுதல் செய்திருப்பேன்.

இப்போது ஸ்டேஷனை இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் பழைய கல் சுவர், ஒரு பக்கம் தகர மறைப்பு, நடுவில் நாம். மூன்று மொழியில் அறிவிப்பு வருகிறது. மூன்றும் முடிவதற்குள் வண்டியே வந்துவிடுகிறது. இறங்கியதும் என் கால் தானாகப் பார்சல் ஆபீசுக்குப் போனது. அங்கே இருந்த எடைமேடையைக் குனிந்து பார்த்தேன். முத்திரை இருந்தது, தேதியும் சரியாக இருந்தது. "என்ன சார் வேணும்?" என்று உள்ளே இருந்தவர் கன்னடத்தில் கேட்டார். "ஒன்றும் வேண்டாம், ரொம்பச் சந்தோஷம்" என்று தமிழில் சொல்லிவிட்டு வந்தேன். அவர் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே ஆட்டோ பிடித்தேன். ஏறி உட்கார்ந்ததும் மீட்டரில் சீல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் தேடுறீங்க?"

"மீட்டர்ல சீல் இருக்கான்னு பார்க்கிறேன்."

"மீட்டரே நான் ஆன் பண்ணல. சீல பாத்து இன்னா சார் பண்ணப் போறீங்க?" என்றார். தமிழ் கேட்டதும் அவருக்குக் குஷி. "நான் ஸ்ரீராம்புரம் சார். நம்ம ஆளுங்ககிட்ட ஜாஸ்தி கேக்க மாட்டேன். சொல்ப ட்ராஃபிக் இருக்கு, சொல்ப பாத்துக் குடுங்க." சொல்ப என்றால் கன்னடத்தில் கொஞ்சம். அல்சூர் அங்கிருந்து கூப்பிடு தூரம். போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. ஆரணியிலிருந்து இவ்வளவு நேரத்தில் வேலூர் போய்விடலாம். நடந்து போன ஒரு நாய் எங்களை இரண்டு முறை முந்தியது.

சந்திரா வாசலிலேயே நிபந்தனையை வைத்தாள். "அண்ணா, இந்தத் தடவ நீ வாயே தெறக்கக் கூடாது. தாய்மாமன், அதனால ஆசீர்வாதம் மட்டும் பண்ணு. வேற யார் என்ன கேட்டாலும் சும்னே சிரி. அர்த்த ஆயித்தா?" அர்த்தமாகிவிட்டது என்று தலையாட்டினேன். காபியைக் கையில் கொடுத்தபின் குரல் கொஞ்சம் இறங்கியது. "இதுவும் போச்சுன்னா இன்னொரு இடம் பாக்க எனக்குத் தெம்பில்ல அண்ணா. உன்னயும் இந்த வீட்டுப் பக்கம் கூப்பிட மாட்டேன்." வேடிக்கையாகச் சொல்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

சனிக்கிழமை ரேவதியையும் அழைத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன். அவள் சிரிப்பதற்காகவே வந்தாள். பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு, அதே மைசூர் வண்டி வரும்வரை காத்திருந்து, அவர்கள் வரப்போகும் பெட்டி எந்தத் தூணுக்கு நேராக நிற்கிறது என்று குறித்துக்கொண்டேன். நின்ற நேரம் கைக்கடிகாரத்தில் ஒரு நிமிடம் ஐம்பத்தாறு வினாடி. இருப்பதைப் பங்கிட வேண்டியதுதான். வணக்கம் சொல்ல பத்து வினாடி. பூவும் பழமும் கொடுக்க இருபது. பெண் பையனைப் பார்க்கவும் பையன் பெண்ணைப் பார்க்கவும் சேர்த்து முப்பது, இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால். பேச முப்பது. என் ஆசீர்வாதத்துக்குப் பதினைந்து. கைவசம் பதினொரு வினாடி.

"அந்தப் பதினொண்ணுல தாலி கட்டிடலாமா மாமா?" என்றாள் ரேவதி.

ஒத்திகையில் நான் மாப்பிள்ளையாகப் பெட்டியிலிருந்து இறங்குவது போல நடந்து வந்தேன். அவள் வணக்கம் சொன்னாள். எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வட இந்தியக் குடும்பம் ஒன்று சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. பிறகு இருவரும் ஒரு காபி வாங்கி இரண்டாகப் பங்கிட்டுக் குடித்தோம். இந்த ஊரில் அதற்குப் பை-டூ என்று பெயர், யாரும் வெட்கப்படுவதில்லை. கூடையில் வந்த மத்தூர் வடையும் வாங்கினோம். நம்மூர் வடையை யாரோ தெரியாமல் மிதித்துவிட்டது போல இருக்கிறது, ஆனால் ருசி. ரேவதி வடையைப் பிட்டுக்கொண்டே, "மாமா, எனக்கு இந்த ஆள் பிடிக்கணும்னுதான் இருக்கு. அம்மாவுக்காக இல்ல, எனக்கே சலிப்பா இருக்கு. ஆனா பிடிக்காம பிடிச்சிருக்குன்னு சொல்ல வரல" என்றாள். அவள் என் தங்கை பெண்ணாகப் பிறந்ததில் எனக்கு அந்த நிமிடம் இருந்த பெருமையை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே பிளாட்பாரத்தில் இருந்தோம். ரேவதி வழக்கமாக ஆபீஸ் போகும் சுடிதாரில் வந்திருந்தாள். சந்திரா மட்டும் பட்டுப்புடவை. கையில் ஒரு பெரிய பை. அதனுள் இருந்த தூக்குப் பாத்திரத்தின் நெய் வாசனையிலேயே என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. சொஜ்ஜியும் பஜ்ஜியும் இல்லாமல் பெண் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் வெள்ளை வேட்டியும் கறுப்புக் கோட்டுமாக ஒரு கன்னடப் பெரியவர், மாலையில் வரும் வண்டிக்காகத் துணிப்பையோடு நின்றிருந்தார்.

நாலு பதினேழுக்கு வண்டி வந்தது. நான் குறித்துவைத்த தூணுக்கு நேராக, அந்தப் பெட்டியே வந்து நின்றது. என் மனம் நிறைந்துவிட்டது. வாசலில் தனலட்சுமி அம்மாள், நெற்றியில் பெரிய பொட்டு, கையில் பழைய மாடல் கைக்கடிகாரம். அவருக்குப் பின்னால் முரளி. கறுப்பாக, கொஞ்சம் கூச்சமாக, நல்ல உயரமாக இருந்தான். ஐந்தடி ஒன்பது இருப்பான். வணக்கம் எட்டு வினாடியில் முடிந்தது. பூவும் பழமும் பதினெட்டு. எல்லாம் திட்டத்துக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

"முரளி, பெரியவங்க கால்ல விழுந்து கும்பிட்டுக்கடா!"

காலில் விழுவதற்கு நான் நேரம் ஒதுக்கவே இல்லை.

அவன் இறங்கிவந்து பிளாட்பாரத்தில் நெடுஞ்சாண்கிடையாக என் முன் விழுந்தான். எனக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே பேச்சு ஆசீர்வாதம். இரண்டு நாளாக மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். ஆயுள், ஆரோக்கியம், கல்வி, செல்வம், பிள்ளைகள், அவர்களுடைய கல்வி என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். பாதியில் நிறுத்துவது குறை எடை போடுவது போல. அவன் எழுந்து சந்திராவின் காலில் விழுந்தான். அவள் குங்குமம் தேடினாள். அது பையின் அடியில், பஜ்ஜிக்குக் கீழே இருந்தது. பிறகு அவன், பக்கத்தில் நின்ற கன்னடப் பெரியவரை யாரோ பெரியப்பா என்று நினைத்து அவர் காலிலும் விழுந்தான். அவரும் மனிதர்தானே, ஒரு பிள்ளை காலில் விழுந்தால் சும்மா இருப்பாரா? கோட்டைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடி, கன்னடத்தில் நிதானமாக ஆசீர்வதிக்க ஆரம்பித்தார். நூறு வருடம் இரு, காவிரியைப் போல் உன் குலம் ஓடட்டும் என்கிற வரைக்கும் எனக்கே புரிந்தது.

வண்டி நகர்ந்தது.

"டேய்!" என்று தனலட்சுமி அம்மாள் வாசலில் நின்று கத்தினார். முரளி எழுவதற்குள் மூன்று பெட்டி கடந்துவிட்டது. கொஞ்ச தூரம் ஓடினான். வெறுங்காலில் ஓட முடியவில்லை. செருப்பு சீட்டுக்கு அடியில், போன் ஜன்னலோரம் சார்ஜில். திரும்பி வந்து எங்கள் முன் நின்றான். நெற்றியில் பிளாட்பாரத்துத் தூசி ஒட்டியிருந்தது. கன்னடப் பெரியவர் மட்டும் குறையில்லாமல் முடித்துவிட்டு, "யார் வீட்டுப் பிள்ளை?" என்று என்னைக் கேட்டார்.

சந்திரா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "கல்விய ரெண்டு தடவ சொன்னியே அண்ணா" என்றாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எட்டாவது இடத்தையும் நான்தான், அதுவும் ஆசீர்வதித்தே கெடுத்துவிட்டேன்.

என் போன் அடித்தது. தனலட்சுமி அம்மாள்தான். திட்டு வாங்கத் தயாராக எடுத்தேன். ஆனால் அவர் திட்டவில்லை. அவருக்குக் கவலை வேறு.

"அண்ணா, மணி நாலு இருபத்தஞ்சு. நான் பொட்டியெல்லாம் வெச்சிக்கிட்டு மெஜஸ்டிக்ல எறங்க முடியாது. மைசூர்ல என் தங்கச்சி ஸ்டேஷனுக்கு வந்து நிக்கிறா. அவன் அடுத்த வண்டில வரட்டும். ஒண்ணே ஒண்ணு, நாலரைலேருந்து ஆறு வரைக்கும் யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. சம்மதம், பிடிச்சிருக்கு, எதுவும் அந்த நேரத்துல வாயில வரக் கூடாது. வந்துச்சுன்னா எனக்கு இந்த இடம் வேணாம். நீங்கதான் பாத்துக்கணும்."

"நானா?"

"நீங்கதான் அண்ணா. ரெண்டு வரன் உங்களால போச்சுன்னு தரகர் சொன்னாரு. அதக் கேட்டுட்டுத்தான் நான் இந்த இடத்துக்கே சரின்னேன். பொய் சொல்லாத மனுஷன் இருக்கிற வீடு."

இதைச் சந்திராவுக்கு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டியிருக்க வேண்டும், தோன்றவில்லை. நிபந்தனையை மட்டும் மூவருக்கும் சொன்னேன். மைசூருக்கு அடுத்த வண்டி ஆறரைக்கு என்று பலகையில் ஓடியது. ஆக, ராகுகாலம் முழுவதும் பெண்ணும் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், எதற்காகச் சந்தித்தார்களோ அதைப் பேசக் கூடாது. நடுவராக நான்.

முதலில் மீறியது சந்திரா. "பொதுவா கேக்கறேன் தம்பி, வீடு சொந்தமா?" என்றாள். அது கல்யாணப் பேச்சு என்று தடுத்தேன். "சமையல் ஏதாச்சும் தெரியுமா?" தடுத்தேன். "அம்மாவோட குணம் எப்படி?" தடுத்தேன். "அப்ப என்னதான் அண்ணா கேக்கறது?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மழை வருமா என்று கேட்கலாம் என்றேன். கேட்டாள். வராது என்றான் முரளி. அதோடு பேச்சு நின்றது. ராகுகாலத்தைச் சரியாகக் கணக்கிட வேண்டுமென்றால் சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் வைத்துத்தான் செய்ய வேண்டும், அப்படிப் பார்த்தால் இன்றைக்கு அது ஆறு மணியைத் தாண்டிப் போகிறது என்று எனக்கு ஞாபகம் வந்தது. சொல்ல வாயெடுத்தேன். சந்திரா பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

வேறு வழியில்லாமல் சந்திரா தூக்கைத் திறந்து, தட்டில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வைத்து முரளியின் கையில் கொடுத்தாள். அவன் தலை குனிந்து தட்டை ஏந்தி உட்கார்ந்திருந்தான். போகிறவர் வருகிறவர் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நான் பார்த்தேன், சந்திரா பார்த்தாள், கன்னடப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரேவதி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"எப்படி இருக்கு?"

"பஜ்ஜியா?"

"இல்ல. இப்படித் தட்டோட உக்காந்திருக்கறது."

"ரொம்பக் கூச்சமா இருக்குங்க. எப்ப முடியும்னு இருக்கு" என்றான்.

அவள் தன் பங்குக்கு ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டாள். இது கல்யாணப் பேச்சா இல்லையா என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

பிறகு அவர்களே பேச ஆரம்பித்தார்கள். "எலிவேட்டர் இன்ஜினியர்னு சொன்னாங்க" என்றாள் ரேவதி. "இன்ஜினியர் இல்லைங்க, டிப்ளமாதான். அம்மா கொஞ்சம் சேத்துச் சொல்லிடுவாங்க. லிஃப்ட் நின்னுட்டா போய், உள்ள மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுப்பேன்" என்றான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. உள்ளே இருப்பவர்கள் பயப்பட மாட்டார்களா என்று அவள் கேட்டாள்.

"பயப்படுவாங்க. அதனால கதவு தொறக்கற வரைக்கும் வெளிய இருந்து பேசிக்கிட்டே இருக்கணும்."

"என்ன பேசுவீங்க?"

"காலைல என்ன சாப்பிட்டீங்கன்னு கேப்பேன்."

"அதுக்கும் பதில் வரலைன்னா?"

"நான் என்ன சாப்பிட்டேன்னு சொல்லுவேன்."

ரேவதி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாலைந்து வருடம் இருக்கும். அவள் அப்பா போனபிறகு இல்லை. பிறகு அவள் எழுந்து வெளியே போய், பத்து நிமிடத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்போடு வந்தாள். குளியலறைக்குப் போடுகிற ரகம், ரோஸ் கலர். "கடைல இந்த சைஸ்ல இது ஒண்ணுதான் இருந்துச்சு" என்றாள். அளவு கேட்காமலே வாங்கியிருந்தாள். அவன் போட்டுக்கொண்டான். நான் குனிந்து பார்த்தேன், குதிகாலில் அரை அங்குலம் கூடுதல். சொல்லவில்லை. அந்த மூன்று நாளில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

அவர்கள் பேசியதையெல்லாம் எழுதப் போவதில்லை. அவளுடைய ஆபீஸ், அவனுடைய அப்பா இறந்தபோது நின்ற படிப்பு, பெங்களூர் சாம்பாரில் ஏன் வெல்லம் போடுகிறார்கள் என்பது. இடையில் இரண்டு ரயில் வந்து போனது. அறிவிப்பு மூன்று மொழியில் கத்தியபோது பேச்சை நிறுத்திக் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். கன்னடப் பெரியவர் தன் வண்டி வந்ததும், மனமில்லாமல் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறிப்போனார்.

பிளாட்பாரக் கடிகாரத்தில் சிவப்பு எழுத்தில் 17:41. ரேவதி என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, எனக்குப் பிடிச்சிருக்கு."

"இன்னும் பத்தொன்பது நிமிஷம் இருக்கு. சொல்லாதே!"

"சொல்லிட்டேன்."

சந்திரா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். முரளி தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும்தாங்க" என்றான். கடிகாரம் இன்னும் 17:41-தான் காட்டியது. ஆறு மணி ஆனதும் இருவரும் இன்னொரு முறை சொல்லிவிடுங்கள், அதைக் கணக்கில் வைத்துக்கொள்வோம் என்று கெஞ்சினேன்.

"திரும்பச் சொன்னா அது நடிப்பு மாமா. எனக்கு வந்தது இப்பதான். உங்ககிட்டதானே கத்துக்கிட்டேன்" என்றாள்.

அந்தப் பத்தொன்பது நிமிடம் போல நீளமான நேரம் என் வாழ்க்கையில் இல்லை. சந்திரா மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, அந்தம்மா உன்னத்தான் கேப்பாங்க. நீ உள்ளதச் சொல்லிடுவ. எனக்குத் தெரியும்." கோபமில்லாமல் சொன்னாள். பழகிப்போன குரல் அது. அதுதான் என்னைச் சுட்டது. முப்பத்து நான்கு வருடம் ஊரார் தராசையெல்லாம் நிமிர்த்தினேன், இவள் வீட்டில் இரண்டு முறை குடை சாய்த்தேன். உண்மை சொன்னதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. இவளுக்காக வருத்தப்பட்டேன்.

சரியாக ஆறு மணிக்குப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். மறுமுனையில் வண்டி ஓடும் சத்தம்.

"ஆறாயிடுச்சு அண்ணா, இனிமே பேசலாம். எங்க, கேளுங்க ரெண்டு பேரையும்."

ரேவதியிடம் கேட்டேன். அவள் வாயைத் திறக்கவில்லை, சிரித்தாள். முரளியைப் பார்த்தேன். அவளைப் பார்த்துவிட்டு அவனும் சும்மா இருந்தான். அதற்குள் சேர்ந்துகொண்டார்கள்.

"ரெண்டு பேருக்கும் சம்மதம்மா" என்றேன்.

"கேக்கவே சந்தோஷமா இருக்கு. அவங்க குரலே வரலையே? எத்தன மணிக்கு அண்ணா சொன்னாங்க? முன்னாடியே சொல்லிடலையே? நீங்க சொன்னா நான் நம்பிடுவேன்."

சந்திரா என் முழங்கையைப் பிடித்தாள். பிடி வலித்தது.

"ஆறு மணி நாலு நிமிஷம்" என்றேன்.

சொன்னபிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். 18:02. பழக்கமில்லாதவன் சொன்ன முதல் பொய், இன்னும் வராத நேரத்தில் போய் உட்கார்ந்திருந்தது. ரேவதி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். முரளி ரோஸ் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் வாட்ச்ல ரெண்டுதானே ஆகுது" என்றார் தனலட்சுமி அம்மாள்.

வண்டியின் சத்தம் மட்டும் கேட்டது.

"நாப்பது வருஷத்து வாட்ச் அண்ணா, மெதுவாப் போகுது போல. கொஞ்சம் இருங்க, உங்க நேரத்துக்கே திருத்தி வெச்சுக்கறேன்."